அஞ்சுக்கு நாலு நட்சத்திர பிரேக்

புத்திசாலிகள் வசிக்கிற ஊர் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் சைக்கிள் கடை வைத்திருப்பது கடுக்காமேட்டில். ஊர் மலை உச்சியில் இருக்கிறது. பதினேழு கொண்டை ஊசி வளைவு இறங்கினால் அடிவாரம். இருபத்தாறு வருஷமாக இங்கே பஞ்சர் ஒட்டி, செயின் மாட்டி, பிரேக் சரி பண்ணிக்கொண்டிருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, பிரேக் விஷயத்தில் இந்த ஊரில் என் பேச்சை ஒருத்தரும் கேட்பதில்லை.

கடுக்காமேடு மலைச் சைக்கிள் சங்கம் என்று ஒன்று இங்கே உண்டு. ஆள் நாலு, சைக்கிள் ஒன்று. தலைவர் மாணிக்கவாசகம் அந்தச் சைக்கிளுக்கு ஆயுத பூஜையன்று பொட்டு வைத்ததோடு சரி, ஏறி உட்கார்ந்ததில்லை. செயலாளர் ஏகாம்பரம் கையில் எந்நேரமும் ஒரு நோட்டு இருக்கும். யாராவது கொட்டாவி விட்டால்கூடத் தேதி போட்டு எழுதிக்கொள்வார். ரத்தினகிரி உறுப்பினர். மற்றவர்களுக்குப் பதவி போட்டபிறகு உறுப்பினராக ஒரு ஆள் வேண்டுமே, அதற்கு அவர். சைக்கிள் ஓட்டுவது தனுஷ்கோடி ஒருத்தன்தான்.

போன வருஷம் மலையிறங்கும் போட்டியில் ஒன்பதாவது வளைவில் முன் பிரேக்கை மட்டும் அப்படியே இறுக்கிப் பிடித்துத் தனுஷ்கோடி தலைகீழாகப் பறந்தான். முன்பல் ரெண்டும் ரோட்டோடு போச்சு. சங்கம் கூடி விசாரித்து, குற்றம் முன் பிரேக்கினுடையது என்று முடிவு செய்து, அதைக் கழற்றித் தலைவர் வீட்டுப் பரணில் போட்டது. அன்றையிலிருந்து அந்தச் சைக்கிளுக்குப் பின் பிரேக் மட்டும்தான்.

இந்த வருஷம் தனுஷ்கோடிக்குப் புதுப் பல் கட்டியாயிற்று. கல்யாணமும் நிச்சயமாயிற்று. போட்டி ஞாயிற்றுக்கிழமை, கல்யாணம் அடுத்த வியாழக்கிழமை. பெண் செங்கமலம், அடிவாரத்துக்காரி. நேரடியாகப் பேசுகிற பெண்.

"இதோ பாருங்க, கல்யாணப் போட்டோவுல வாயை மூடிக்கிட்டு நிக்கிற மாப்பிள்ளை எனக்கு வேணாம். பல்லு இல்லாம வந்தீங்க, மண்டபத்து வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன்."

அப்படியானால் போட்டிக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்கிறீர்களா? அங்கேதான் மாமனார் வருகிறார். சோலையப்பன், இதே மலைப்பாதையில் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ரிட்டயரானவர். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று பேர். அவர் சொன்னார்: "நான் முப்பது வருஷம் பஸ்ஸை இறக்கின பாதை. அதுல என் மருமகன் ஒரு சைக்கிளை இறக்க மாட்டேங்கிறான்னா ஊர் சிரிக்காதா? இறங்கி வரட்டும். இல்லேன்னா பொண்ணு கிடையாது."

ஆக, இறங்கியும் வர வேண்டும், பல்லோடும் வர வேண்டும். இந்த நிலைமையில் திங்கட்கிழமை காலையில் அந்த ஒரே பிரேக்கின் லிவர் படக்கென்று உடைந்தது.

நாலு பேரும் என் கடைக்கு வந்தார்கள். தனுஷ்கோடி பாவம், வாயைக் கையால் பொத்திக்கொண்டே பேசினான். நான் ஒரு வெள்ளை லிவரை எடுத்து நீட்டினேன். மலிவுதான், ஆனால் நல்ல சாமான்.

"இதை மாட்டிக்கடா. ஒயரை நான் இறுக்கித் தர்றேன். வளைவு வர்றதுக்கு முன்னாடியே மெதுவா அமுக்கு. அவ்வளவுதான் விஷயம்."

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "சூசை, நீர் சொல்றது வெறும் மெக்கானிக் பேச்சு. ஓட்டினவங்க என்ன சொல்றாங்கன்னு பார்க்காம லிவர் மாட்டினா, நாளைக்குச் சரித்திரம் நம்மைக் கேள்வி கேட்கும்."

எந்தச் சரித்திரம், எந்த ஸ்டேஷனில் வைத்துக் கேட்கும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. லிவரை எடுத்துக்கொண்டு போனார்கள். ஏகாம்பரம் ரெண்டு நாள் உட்கார்ந்து, போனில் அந்த லிவரைப் பற்றி ஊரூராக ஓட்டினவர்கள் எழுதியிருந்த நாற்பத்து மூன்று அபிப்பிராயத்தையும் நோட்டில் அழகாக எழுதி முடித்தார். புதன்கிழமை கூட்டம். சங்கத்துக்கு இடம் கிடையாது என்பதால் என் கடையில்தான். என்னைக் கேட்கவில்லை.

ஏகாம்பரம் வாசித்தார். "அபிப்பிராயம் ஏழு. 'அருமையான லிவர். ஒரு விரல் போதும்.'"

"எந்த விரல்?" என்றார் தலைவர்.

அரை மணி நேரம் விவாதம். கட்டை விரல் ஹேண்டில்பாருக்கு வேண்டும். சுண்டு விரல் பலவீனம். ஆள்காட்டி விரலால் அமுக்கினால் லிவரைக் குற்றம் சாட்டுவது போல ஆகிவிடும், அதற்குக் கோபம் வரலாம். கல்யாணம் நெருங்குவதால் மோதிர விரலே மங்களகரமானது என்று தீர்மானம் நிறைவேறியது. மீதி மூன்று விரல் தெரியாத்தனமாக உதவிக்கு வந்துவிடக்கூடாதே! அதனால் அதுகளை மடக்கிக் கைக்குட்டையால் கட்டினார்கள்.

"அபிப்பிராயம் பத்தொன்பது. 'மாட்டினேன், மறந்தே போயிட்டேன். அவ்வளவு நல்லா இருக்கு.'"

தனுஷ்கோடி பயந்துவிட்டான். "தலைவரே, பிரேக்கையே மறந்துட்டா வளைவுல நான் என்ன பண்றது?"

தலைவர் யோசித்தார். "ஓட்டுறவனே மறக்கணும்னு அதுல போட்டிருக்கா? இல்லையே. சங்கத்துல யாராவது ஒருத்தர் மறந்தா போதும். ரத்தினகிரி, அந்தப் பொறுப்பு உமக்கு."

ரத்தினகிரிக்கு வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு பொறுப்பு கிடைத்தது. கண் கலங்கிவிட்டது. "இப்பவே ஆரம்பிக்கிறேன் தலைவரே," என்று சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

இத்தோடு விட்டிருந்தால்கூடப் பிழைத்திருப்பான் பையன். ஏகாம்பரம் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். அவர் முகம் வெளிறியது.

"மொத்த மதிப்பு, அஞ்சுக்கு நாலு நட்சத்திரம்."

"நல்லதுதானே?" என்றேன்.

"என்ன நல்லது? அஞ்சு தடவை அமுக்கினா நாலு தடவைதான் பிடிக்கும்னு அர்த்தம். அஞ்சாவது தடவை?"

தனுஷ்கோடி நாக்கால் முன்பல் ரெண்டையும் தடவிப் பார்த்துக்கொண்டான். "செங்கமலம் என்னைத் திருப்பி அனுப்பிடுவா," என்றான். அவனைப் பார்க்க எனக்கும் மனசு கேட்கவில்லை, ஆனால் கோபம்தான் அதிகமாக வந்தது.

லிவரை மாட்டினேன். ஒயரை இறுக்கினேன். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு இருபது தடவை அமுக்கிக் காட்டினேன். இருபது தடவையும் கப்பென்று நின்றது.

"இருபதும் நின்னுச்சே! பாத்தீங்களா?"

"பாத்தோம்," என்றார் ஏகாம்பரம் வருத்தமாக. "நாலு கெட்டதையும் சேர்த்து வச்சுக்கிட்டிருக்கு. ஞாயித்துக்கிழமை மொத்தமாக் காட்டும்."

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. ஸ்பேனரைத் தூக்கித் தரையில் அடித்தேன். "டேய், பேசாம சைக்கிளைத் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு மலையை இறங்கித் தொலைங்கடா!"

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏகாம்பரம் பேனாவைத் திறந்தார். "அபிப்பிராயம் நாற்பத்து நாலு. இதுக்கு எத்தனை நட்சத்திரம் போடலாம் சூசை?"

"அஞ்சும் போட்டுக்கய்யா! அஞ்சுக்கு அஞ்சு!"

அதுதான் நான் செய்த தப்பு. நோட்டிலேயே அஞ்சு நட்சத்திரம் வாங்கிய ஒரே அபிப்பிராயம் என்னுடையதாகப் போயிற்று. இருபத்தாறு வருஷத்தில் முதன்முறையாக ஊர் என் பேச்சைக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கொடி அசைத்தார்கள். முப்பது சைக்கிள் சர்ரென்று கீழே பாய்ந்தது. தனுஷ்கோடி சைக்கிளைத் தோளில் தூக்கி வைத்து, கட்டுப்போட்ட கையை லிவரில் வைத்துக்கொண்டு நடந்தான். பின்னாலேயே தலைவர், நோட்டோடு ஏகாம்பரம், மறந்தபடி ரத்தினகிரி. நான் டூல்ஸ் பையோடு பஸ்ஸில் வந்தேன். மூன்றாவது வளைவில் ஒரு லாரி மறித்து நின்றதால் இந்தக் கண்கொள்ளாக் காட்சி எனக்கு ஜன்னல் வழியாகக் கிடைத்தது.

வளைவு வந்தால் பிரேக் பிடிக்க வேண்டும் என்பது போட்டி விதி. சைக்கிள் தோளில் இருந்தால் விதி மாறிவிடுமா? ஒவ்வொரு வளைவிலும் நுழையும்போது ஒரு அமுக்கு, வெளியே வரும்போது ஒரு அமுக்கு. ஏகாம்பரம் கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

"இப்ப அஞ்சாவது. அமுக்கு!"

தனுஷ்கோடி மோதிர விரலால் அமுக்கினான்.

"சக்கரம் நின்னுச்சா?"

"அது முன்னாடியே நின்னுக்கிட்டுத்தானே இருக்கு?"

"பாத்தீங்களா தலைவரே! நிறுத்தவே இல்லை! இப்ப மட்டும் இவன் ஓட்டிக்கிட்டிருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

தலைவர் பள்ளத்தை எட்டிப் பார்த்து நடுங்கினார். தனுஷ்கோடி நன்றியோடு பல்லைத் தடவிப் பார்த்துவிட்டு மேற்கொண்டு நடந்தான்.

மற்றவர்கள் ஒன்பது மணிக்கெல்லாம் முடிவுக் கோட்டைத் தாண்டிப் பரிசு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடிவாரத்தில் மிச்சம் இருந்தது நான், செங்கமலம், சோலையப்பன், அப்புறம் மைக் செட்டுக்காரர். அவருக்குப் பசி. பன்னிரண்டரை மணிக்குக் கடைசி வளைவில் நாலு தலை தெரிந்தது.

"கோட்டைத் தாண்டும்போது சைக்கிள் மேல உட்கார்ந்துதான் தாண்டணும்," என்று மைக்கில் சொன்னார் அவர்.

நான் கையை ஆட்டினேன். "வேணாம்டா, தோள்லயே வாடா!"

ஏகாம்பரம் அங்கிருந்தே நோட்டைப் பார்த்துக் கத்தினார். "நீர் மலையை இறங்கத்தான் தோள்ல தூக்கச் சொன்னீர்! மலை இதோ இங்கேயே முடிஞ்சு போச்சு!"

மலை முடிந்த இடத்திலிருந்து கோடு வரைக்கும் முந்நூறடி. லேசான சரிவு. குழந்தைகூடக் காலை ஊன்றி இறங்கிவிடும். தனுஷ்கோடி சைக்கிளைக் கீழே வைத்து ஏறினான். நாலரை மணி நேரம் சுமந்த பாரம் தோளை விட்டுப்போனதில் பையனுக்கு என்ன குஷியோ, ரெண்டு மிதி ஓங்கி மிதித்துவிட்டான். சைக்கிள் கிளம்பிற்று.

சோலையப்பன் கோட்டுக்கு அந்தப் பக்கம் ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். மருமகன் இறங்கி வருகிறான் என்ற பெருமை முகத்தில் தாங்கவில்லை.

"மாப்ளே, பிரேக்கைப் பிடி!"

தனுஷ்கோடி விரலை மடக்கப் போனான். அப்போது பின்னாலிருந்து ஏகாம்பரத்தின் அலறல்.

"பதினேழு வளைவு, ரெண்டு ரெண்டு முப்பத்து நாலு! அடுத்தது முப்பத்தஞ்சு! அது கெட்ட அமுக்கு! அமுக்காதே!"

"பிரேக்கைப் பிடிடா!" என்றேன் நான்.

"அமுக்காதேடா!" என்றார் தலைவர்.

"என்ன பிரேக்கு?" என்றார் ரத்தினகிரி. அன்றைக்குத் தன் வேலையை ஒழுங்காகச் செய்தவர் அவர் ஒருத்தர்தான்.

தனுஷ்கோடி சங்கத்துக்குக் கட்டுப்பட்டவன். விரலை எடுத்துவிட்டான். சைக்கிள் கோட்டைத் தாண்டியது, மைக் செட்டுக்காரரைத் தாண்டியது, மாமனாரை மட்டும் தாண்டவில்லை. அவன் தலை போய் அவர் வாயில் மோதிற்று. ரெண்டு பேரும் கட்டிப்பிடித்தபடி பூவரச மரத்தடியில் போய் உருண்டார்கள்.

செங்கமலம் ஓடி வந்தாள். தனுஷ்கோடியைப் புரட்டி, முகவாயைப் பிடித்தாள். "வாயைத் திறங்க."

திறந்தான். விரலை விட்டு ஒவ்வொரு பல்லாக ஆட்டிப் பார்த்தாள். எல்லாம் அதது இடத்தில் இருந்தது. பெருமூச்சு விட்டாள். அழுதும் விட்டாள். அப்புறம்தான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். முப்பது வருஷம் ஒரு கோழியைக்கூட அடிக்காத சோலையப்பன், தன்னுடைய முன்பல் ரெண்டையும் உள்ளங்கையில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார்.

ஏகாம்பரம் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஆறுதல் சொன்னார். "கவலைப்படாதீங்க மாமா. அவன் அமுக்கியிருந்தாலும் பிடிச்சிருக்காது."

அந்த மனுஷன் என்னென்ன சொன்னார் என்பதை நான் இங்கே எழுத முடியாது. நல்லவேளை, பல் இல்லாததால் பாதி புரியவுமில்லை.

ஆனால் வார்த்தை வார்த்தைதான் அவருக்கு. இறங்கி வரச் சொன்னார், இறங்கி வந்துவிட்டான். வியாழக்கிழமை கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. போட்டோவில் மாப்பிள்ளை கடைவாய்ப் பல் வரைக்கும் காட்டிக்கொண்டு நிற்கிறான். மாமனார்தான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். "எங்கப்பா எப்பவுமே போட்டோவுல சிரிக்க மாட்டாரு, யாருக்கும் வித்தியாசம் தெரியாது," என்றாள் செங்கமலம்.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். தனுஷ்கோடி தேனிலவு போன இடத்தில் சும்மா இருக்காமல், போனில் அந்த லிவருக்கு, ஏகாம்பரம் நோட்டுக் கணக்குப்படி நாற்பத்து ஐந்தாவது அபிப்பிராயத்தை எழுதிப் போட்டான்: 'மலிவான லிவர், அருமையான சாமான். செங்குத்தான மலை, பதினேழு வளைவு. என் பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொள்ளவும். மூன்று விரலைக் கட்டிக்கொள்ளவும். கோட்டுக்கு அந்தப் பக்கம் மாமனாரை நிறுத்தவும். நாலு நட்சத்திரம்.'

போன சனிக்கிழமை என் கடை வாசலில் ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். வெளியூர் முகங்கள். எல்லார் தோளிலும் சைக்கிள், எல்லார் கையிலும் கைக்குட்டைக் கட்டு. அவர்களுக்குத் தலைவர் போல இருந்தவர் முன்னால் வந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"லிவர் வாங்கியாச்சுண்ணே. தோளும் பழகிடுச்சு. எங்க யாருக்கும் இன்னும் கல்யாணம் ஆகலை, அதான் ஒரே சிக்கல். நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் நிறுத்திக்க, உங்க ஊர்ல ஒரு மாமனார் வாடகைக்குக் கிடைப்பாரா? பல்லு இருக்கணும்னு அவசியமில்லை."