நாரைத்திட்டில் ஒரு பகல்

"ஆளே இல்லாத ஒரு கரை வேணும், டீச்சர்," என்றாள் அங்கயற்கண்ணி.

ஜொவிட்டா பட்டத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"எதுக்கு?"

"ஒரு நாள் முழுக்க யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது."

ஜொவிட்டா வயதில் சின்னவள். அங்கயற்கண்ணியின் தலையில் நரை ஓடத் தொடங்கியிருந்தது. ஆனாலும் அந்தக் கடற்கரையில் ஜொவிட்டாதான் டீச்சர். விளிம்புக் குழாயில் காற்றடைத்தால் ஓர் அறை அகலத்துக்கு விரியும் பட்டத்தை வானத்தில் ஏற்றுவாள். அதன் கயிறுகள் ஒரு கைக்கோல் வழியாக இடுப்புப் பட்டையில் கோத்திருக்கும். பட்டம் இழுக்க இழுக்க, காலில் மாட்டிய பலகையில் கடல்மேல் வழுக்கிக்கொண்டு போவாள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதைக் கற்றுக்கொள்ள எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள்.

அங்கயற்கண்ணி மதுரையிலிருந்து வந்தாள். அங்கே ஆபத்து அழைப்புகளை எடுக்கும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. மணி அடிக்கும். எடுப்பாள். மறுமுனையில் யாராவது அழுவார்கள், அல்லது அழக்கூட முடியாமல் மூச்சு வாங்குவார்கள்.

"பதறாதீங்க. நான் லைன்லதான் இருக்கேன்," என்பாள்.

இளவயதிலிருந்து அதையே சொல்லி வந்தாள். இப்போதெல்லாம் தூக்கத்திலும் மணி அடித்தது. எழுந்து உட்கார்ந்தால் வீட்டில் அவளைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

"இடமும் பாத்துட்டேன்," என்றாள். "நாரைத்திட்டு."

நாரைத்திட்டு தெற்கே கடலுக்குள் நீண்டு கிடந்த ஒரு மணல் நாக்கு. ஊர் இல்லை. கிணறு இல்லை. நிழலுக்கு ஒரு மரம் இல்லை. மீன்பிடிக்கப் போகிறவர்கள்கூட அதைத் தாண்டித்தான் போவார்கள்.

அந்தப் பயணத்தை அவள் நெடுநாளாகத் திட்டமிட்டிருந்தாள். படுத்துக் கண்ணை மூடியதும் கிளம்பிவிடுவாள். எந்தப் பக்கம் தண்ணீர் ஆழமில்லாமல் கிடக்கும், எப்போது காற்று சீராகும், தண்ணீர் கேனை எங்கே புதைத்தால் சூடேறாது என்று ஒவ்வொன்றாக யோசித்தபடியே தூங்கிப்போவாள். சில நாட்களில் அலுவலக நாற்காலியில் இருக்கும்போதே உள்ளங்காலில் ஈரமணல் குறுகுறுக்கும்.

"நீங்க போய் இறங்கினதும் அது ஆளில்லாத கரையா இருக்காதே அக்கா," என்றாள் ஜொவிட்டா.

"ஏன்?"

"நீங்க இருப்பீங்க."

அங்கயற்கண்ணி சிரித்தாள்.

"நான் கணக்குல கிடையாது, டீச்சர்."

காற்றடிக்கும் சத்தம் நின்றது. ஜொவிட்டா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"நானும் வரட்டுமா?"

"வேண்டாம்."

"தனியா ஏத்த உங்களுக்குத் தெரியும். இறக்க?"

பட்டத்தை இறக்கக் கரையில் ஒருவர் நின்று அதைப் பிடிக்க வேண்டும். அதுதான் வழக்கம்.

"காத்து தணியிறப்போ மெதுவா இறக்கிடுவேன். முடியலேன்னா பட்டையிலருந்து கழட்டி விட்டுடுவேன்."

"பட்டம் கடலோட போயிடும்."

"போகட்டும்."

ஜொவிட்டா குனிந்து பட்டத்தின் அடைப்பைத் திருகினாள். அடித்த காற்றை எல்லாம் திறந்துவிட்டாள். பட்டம் பெருமூச்சு விட்டுத் தரையோடு படிந்தது. அதைச் சுருட்டிப் பையில் திணித்து, அங்கயற்கண்ணியின் தோளில் மாட்டினாள்.

"இதை எடுத்துட்டுப் போங்க."

"இது உங்க சொந்தப் பட்டமாச்சே."

"ஆமா," என்றாள் ஜொவிட்டா.



மீனவர் மீராசாவின் படகு அதிகாலையில் அவளை நாரைத்திட்டில் இறக்கிவிட்டது.

"சாயங்காலம் வந்துருவேன் தங்கச்சி. அதுக்கு முந்தி எது வேணும்னாலும்..." என்று இழுத்தவர், அங்கே அலைபேசி எடுக்காது என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

படகின் சத்தம் தேய்ந்து போனது.

மணல் வெள்ளையாக இல்லை. விடியலில் அது பாலில் தோய்ந்த சாம்பல்போல் இருந்தது. ஒரு பக்கம் கடல் கண்ணாடியாகக் கிடந்தது. மறுபக்கம் சின்னச் சின்ன அலைகள் யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் வந்து போயின. தூரத்தில் நாரைகள் ஒற்றைக் காலில் தூங்கின.

அவள் தன் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். காற்று அதை எடுத்துக்கொண்டு போனது. யாரும் திரும்பிச் சொல்லவில்லை.

பட்டத்துக்குக் காற்றடித்து, அது பறந்துவிடாமல் ஒரு சிறகில் மணலை அள்ளிப் போட்டாள். கயிறுகளை விரித்தாள். நடந்து போய் இடுப்பில் மாட்டி, மெல்ல இழுத்தாள். மணல் சரிந்தது. பட்டம் விழித்துக்கொண்டதுபோல் அசைந்தது. பிறகு எழுந்தது.

அதன்பின் நேரம் போனதே தெரியவில்லை.

கண்ணாடித் தண்ணீர்மேல் அவள் போனாள், வந்தாள். அடியில் அவளுடைய நிழலும் பட்டத்தின் நிழலும் மணல்மேல் கூடவே ஓடின. ஒரு திருக்கை நிழலைக் கண்டு விலகியது. பலகை தண்ணீரைக் கீறும் சத்தம் மட்டும் துணி கிழிவதுபோல் கேட்டது. மணி அடிக்கவில்லை. யாரும் அழவில்லை. அவள் தூங்குகிறாளா விழித்திருக்கிறாளா என்று அவளுக்கே பிடிபடவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றியது.

வெயில் உச்சிக்கு வந்தபோது தாகம் எடுத்தது. கரையேறினாள்.

காற்று தணியவில்லை. ஏறியிருந்தது.

பட்டத்தைத் தரைப்பக்கம் சாய்த்தால் அது முரட்டுத்தனமாக இழுத்தது. தலைக்கு மேலே நிறுத்தினால் மட்டும் சும்மா இருந்தது. அவள் அப்படியே நின்றாள். தண்ணீர் கேன் மணலில் புதைந்து கிடந்தது. குனிந்தால் காற்று அவளைத் தூக்கியது. கோலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

கழற்றிவிடும் பிடி இடுப்பில் இருந்தது. கை அதன்மேல் போனது. மேலே பார்த்தாள். நீல வானத்தில் ஜொவிட்டாவின் பட்டம் அசையாமல் நின்றது.

கையை எடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவனைப் பார்த்தாள்.

திட்டின் மறுபக்கத்தில் ஒரு சின்ன வள்ளம் ஒதுங்கியிருந்தது. அதிலிருந்து இறங்கிய ஒருவன், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றான்.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. இங்கேயுமா?

பிறகு கூப்பிட்டாள்.

"அண்ணே!"

அவன் திரும்பவில்லை.

"அண்ணே! இங்க!"

திரும்பவில்லை.

இதுவரை எத்தனையோ பேர் தன்னிடம் சொன்ன ஒன்றை, தான் யாரிடமும் சொல்லாத ஒன்றை, அவள் கத்தினாள்.

"அண்ணே, பயமா இருக்கு!"

அவன் திரும்பினான். வானத்தில் நின்ற பட்டத்தையும் அதன் கீழே நின்ற பெண்ணையும் பார்த்தான். ஓடி வந்தான்.

"என்ன செய்யணும்?"

"பட்டத்தை உங்க பக்கமா கொண்டுவருவேன். ஓரத்தைப் பிடிச்சுக்கணும். கயித்தைத் தொட்டுறாதீங்க."

"எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா."

"பதறாதீங்க. நான் சொல்லிட்டே இருக்கேன். இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அங்கதான். கையை விரிச்சு வைங்க."

பட்டம் சரிந்து வந்தது. அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஓடுகிற கோழியைப் பிடிப்பதுபோல் அதை நெஞ்சோடு அணைத்தான்.

துணி படபடத்தது. அடங்கியது.

அங்கயற்கண்ணி மணலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டு நிமிர்ந்தபோது, அவனுக்குப் பின்னால் கடலில் எதுவோ அசைவது தெரிந்தது.

"அண்ணே! உங்க வள்ளம் போகுது. கட்டலையா?"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"போகட்டும்," என்றான்.

அந்தச் சொல்லில் கோபம் இல்லை. துக்கமும் இல்லை. கதவு திறந்து கிடக்க, உள்ளே ஆளில்லாத வீடுபோல் இருந்தது. காதில் கருவி மாட்டிக்கொண்டு அந்தக் குரலை அவள் பலமுறை கேட்டிருக்கிறாள். ஜொவிட்டாவிடம் தானும் அதே சொல்லைச் சொல்லியிருக்கிறாள் என்பது இப்போதுதான் உறைத்தது.

விலகிப் போகும் வள்ளத்தைப் பார்த்தாள். அதில் வலை இல்லை. சோற்றுத் தூக்கு இல்லை. தண்ணீர் இல்லை.

கேனை நீட்டினாள். அவன் வேண்டாம் என்று தலையசைத்தான்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. வேலையில் அவள் கற்றுக்கொண்டது அது. ஏன் என்று கேட்டால் அவர்கள் போனை வைத்துவிடுவார்கள். ஏதாவது செய்யச் சொல்ல வேண்டும்.

"அண்ணே, இதை இன்னொரு தடவை ஏத்தணும். பிடிக்கிறீங்களா?"

அவன் அவளுடைய கைகளைப் பார்த்தான். கோல் அழுத்திய இடம் சிவந்து தடித்திருந்தது.

"இப்பத்தான இறங்குனீங்க?"

"ஆமா."

அவன் பட்டத்தைத் தூக்கிப் பிடித்தான். அவள் தூரப்போய்க் கயிறுகளை இறுக்கினாள்.

"நான் இறங்குற வரைக்கும் நீங்க இங்க இருக்கணும். எனக்குத் தனியா இறங்கத் தெரியாது."

"எவ்வளவு நேரமாகும்?"

மீராசாவின் படகு வரவேண்டிய திசையைப் பார்த்தாள். வெறும் நீலம்.

"தெரியலை," என்றாள். "விடுங்க."

அவன் கையை விட்டான். பட்டம் ஏறியது.

இந்த முறை அவள் தூரம் போகவில்லை. கரையோரமாகவே போனாள், திரும்பினாள், போனாள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் நிற்கிறானா என்று பார்த்தாள்.

ஒரு திருப்பத்தில் அவன் இடத்தில் இல்லை. தண்ணீருக்குள் இறங்கி நின்றான். முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது.

அவள் பட்டத்தைச் சட்டென்று கரைப்பக்கம் திருப்பினாள்.

"அண்ணே! இருக்கீங்களா?"

பதில் இல்லை.

"அண்ணே! இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றான். மெதுவாகப் பின்வாங்கினான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்டாள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் சொன்னான்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

கைகள் மரத்துப்போயின. பிறகு தோள்கள். உப்பு கண்ணை எரித்தது. கடல் பச்சையாயிற்று, தங்கமாயிற்று, செம்பாயிற்று. எங்கே தண்ணீர் முடிந்து எங்கே வானம் தொடங்குகிறது என்று தெரியவில்லை. உலகத்தில் இரண்டு சொற்கள் மட்டும் இருந்தன. ஒன்று போனது, ஒன்று வந்தது. சில நேரம் யார் கேட்டது, யார் சொன்னது என்பதே அவளுக்குக் குழம்பியது.

ஒருமுறை திரும்பியபோது அவன் உட்கார்ந்திருந்தான். இன்னொருமுறை திரும்பியபோது கேனைத் தூக்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவள் அழுதாள். தெறிக்கும் தண்ணீரில் அது தெரியாது.

வெயில் சாய்ந்தபோது மீராசாவின் படகு வந்தது. வழியில் தனியாக மிதந்த வள்ளத்தையும் கட்டி இழுத்து வந்திருந்தார்.

அவன் எழுந்து, கேட்காமலேயே வந்து, முன்பு நின்ற அதே இடத்தில் கைகளை விரித்து நின்றான். இந்த முறை கண்ணை மூடவில்லை.

மூவரும் படகில் ஏறினார்கள். கரை தெரிந்த பிறகு மீராசா, யாரையும் பார்க்காமல், "வீட்டுல சோத்துக்கு மீன் ஆணம் வச்சிருக்கும். ராவைக்கு நீ அங்க வந்துரு தம்பி," என்றார்.

அவன் மறுக்கவில்லை.

ஜொவிட்டா கரையில் காத்திருந்தாள்.

அங்கயற்கண்ணி கோலை இன்னும் கையிலேயே பிடித்திருந்தாள். விரல்கள் விரியவில்லை. ஜொவிட்டா அவள் முன்னால் மண்டியிட்டு, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். எப்படி இருந்தது என்று கேட்கவில்லை.

பட்டப் பையைத் தோளில் சுமந்துகொண்டு அவன் பின்னால் வந்து நின்றான். எங்கே இறக்கி வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"பேர் என்ன அண்ணே?" என்றாள் ஜொவிட்டா.

"நம்புராஜன்."

"நாளைக்கும் காத்து நல்லா இருக்கும். நிறைய பேர் கடல்ல இறங்குவாங்க. கரையில நின்னு பட்டம் பிடிக்க ஆள் பத்தலை."

அவன் பையை மெல்ல மணலில் இறக்கி வைத்தான்.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்றான்.