நாச்சி பார்த்த வானம்

காட்டுக் குளத்தருகே ஒரு சங்கஞ்செடிப் புதர். அதில் நாச்சி என்ற முயல் குடியிருந்தது. அதன் குட்டிகள் அத்தனையையும் பருந்து தூக்கிப் போயிருந்தது. ஐப்பசி மழையில் ஓர் ஆமைக்குஞ்சு அடித்துவரப்பட்டுப் புதரடியில் ஒதுங்கியபோது, நாச்சி அதைத் தன் பிள்ளையாகவே எடுத்துக்கொண்டது. சிப்பி என்று பெயர் வைத்தது. சிப்பி அதை அத்தை என்று கூப்பிட்டது. வெளியே மட்டும் விடவே இல்லை.

புதருக்குள் பகலிலும் இருட்டு. சிப்பிக்குப் புழுவும் பாசியும் தவறாமல் கிடைத்தன. ஆனாலும் பங்குனி வந்தபோது அதன் ஓடு ஊறிய தோல்போல மெத்தென்று ஆகியிருந்தது. காலை ஊன்றி நடக்கத் திணறியது.

நாச்சி பதறிப்போய், குளத்தில் கிடந்த காத்தாயி எருமையிடம் ஓடியது. காத்தாயி ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

“வெயிலே காட்டாம வளர்த்தா ஓடு எப்படிடி இறுகும்? நீ ஆமை வளர்க்கிறியா, காளான் வளர்க்கிறியா? நாளைக்கே வெளியே விடு. ஆனா...”

காத்தாயிக்குப் பேச்சும் நடைபோல மெதுவானது. அது அசைபோட்டு முடிப்பதற்குள் நாச்சி பாதி வழி போய்விட்டது.

மறுநாள் நாச்சி நல்ல இடமாகத் தேடிப் பிடித்தது. கரையோரப் பாறையில் கிண்ணம்போல ஒரு குழி. சுவர் வழவழப்பு, சிப்பி ஏறி ஓட முடியாது. அடியில் கொஞ்சம் தண்ணீர். மேலே மறைக்க ஓர் இலைகூட இல்லை. பருந்து வந்தால் தூரத்திலேயே தெரிந்துவிடும்.

சிப்பியைக் கவ்வி அதில் இறக்கிவிட்டு, நாச்சி விளிம்பில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தது.

முதலில் சிப்பி காலையும் கழுத்தையும் நீட்டிச் சுகமாகக் கிடந்தது. வெயில் ஏறியது.

“அத்தை, சுடுது.”

தொலைவில் ஒரு பருந்து வட்டமிட்டது. நாச்சி அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பேசாம கிட. அவன் காதுல விழுந்திடும்.”

சிப்பி இன்னொரு முறை கூப்பிட்டது. பிறகு நகம் பாறையில் பிறாண்டும் ஓசை கேட்டது. பிறகு அதுவும் நின்றது. சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை என்று நாச்சி பெருமைப்பட்டுக்கொண்டது.

பருந்து மலைப்பக்கம் போய் மறைந்தது. நேற்று விட்ட பேச்சை முடிக்கக் காத்தாயி சேறு சொட்டச் சொட்ட வந்தது. ஒதுங்கிக்கொள்ள நிழலும் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே குழியை எட்டிப் பார்த்தது. பேச்சு நின்றது.

“மேலே என்னடி பார்க்கிறே? கீழே பாரு.”

குழியில் தண்ணீர் வற்றியிருந்தது. சிப்பி கழுத்து தொங்கி, வாயோரம் நுரை தள்ளிக் கிடந்தது. நாச்சி குனிந்து மூக்கை வைத்தது. ஓடு சுட்டது. ஒரு பறவையும் அண்டவில்லை, ஒரு கீறலும் இல்லை. தன் கண்ணெதிரே, ஒரு சாண் தூரத்தில் இது நடந்திருக்கிறது.

குளத்தில் போட்டுவிடலாம் என்று அது சிப்பியைக் கவ்வப் போனது. காத்தாயி தடுத்தது. திடீரென்று குளிர்ந்தால் உயிர் தாங்காது என்றது. குழியின்மேல் தன் உடம்பையே நிழலாக நிறுத்தி, வாலிலிருந்த ஈரத்தைச் சொட்டுச் சொட்டாக விழச் செய்தது. வெகுநேரம் கழித்துச் சிப்பியின் ஒரு கால் அசைந்தது. பிறகு கண் திறந்தது.

“கூப்பிட்டேனே அத்தை” என்றது.

மறுநாள் முதல், பாதி வெயிலும் பாதி நிழலுமாய்ச் சாய்ந்து கிடந்த ஒரு மரத்துண்டில் சிப்பி காலை வெயில் காய்ந்தது. நாச்சி வானத்தை ஒரு முறை பார்த்தால் சிப்பியை இரு முறை பார்த்தது.

நாம் அஞ்சும் ஆபத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பது காவல் ஆகாது. காக்க வேண்டிய உயிரைப் பார்ப்பதே காவல்.