அரிக்காத இடம்

காட்டாற்றங்கரை அத்திமரத்தில் கொன்றை என்ற மந்தி தனியாக இருந்தது. அதன் தோழி பூளையைச் சிறுத்தை தூக்கிப் போனதிலிருந்து அதற்குப் பேன் பார்க்க ஆளில்லை. மற்ற மந்திகளுக்கு அது பார்த்துவிடும். தன் முதுகைக் காட்டி உட்கார்ந்தால் அவை எழுந்து போய்விடும்.

குரங்குகளுக்கு ஒரு பழக்கம். அரிக்கிற இடத்தை மட்டும்தான் காட்டும். அரிக்காத இடத்தில் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்ளும். மடத்தனம்தான், ஆனால் எல்லாக் குரங்கும் அப்படித்தான்.

அதனால்தான் மரங்கொத்தி வேண்டியிருந்தது. மழை விட்டதும் வயதான மந்திகள் மருதமரத்தடியில் வரிசையாக உட்காரும். மரங்கொத்தி ஒவ்வொன்றின் மார்பையும் அலகால் மெல்லத் தட்டி, உள்ளே கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்கும். பட்டைக்குள் ஒளிந்த புழுவையே கண்டுபிடிக்கிற அலகு அது.

முன்பெல்லாம் கொன்றையும் பூளையும் சேர்ந்தே போய் வரும். பூளை போன பிறகு கொன்றை போகவே இல்லை. ஒரு மழைக்கு அத்தி பழுத்திருக்கிறது என்றது. அடுத்த மழைக்குக் கால் சுளுக்கு என்றது.

இந்த முறை மரங்கொத்தியே தேடி வந்தது.

"ஏன்க்கா வரலை?"

"எனக்குத்தான் அரிக்கலையே."

"அரிச்சா நீங்களே சொறிஞ்சுக்குவீங்க. அப்புறம் நான் எதுக்கு?"

கொன்றை ஒரு அத்திப்பழத்தைப் பறித்து, தின்னாமல் கையில் உருட்டியது.

"ஏதாவது இருக்குன்னு நீ சொல்லிட்டா? அதைக் கேட்டுட்டு இந்தக் கிளைக்குத்தானே திரும்பி வரணும். யார்கிட்ட போய்ச் சொல்றது?"

மரங்கொத்திக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"அது எனக்குத் தெரியலைக்கா. ஆனா நீங்க வரலைன்னா, உள்ளே இருக்கிறது போயிடாது. வளரும்."

சொல்லிவிட்டுப் பறந்துவிட்டது.

மறுநாள் கொன்றை தனியாகவே போனது. வரிசையில் மற்றவை ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒன்றுக்கொன்று கேலி பேசிக்கொண்டிருந்தன. கொன்றையின் முறை வந்தது. அலகு தட்டிக்கொண்டே போய், ஓரிடத்தில் நின்றது. குன்றிமணி அளவில் ஒரு கட்டி. அரிக்கவில்லை, வலிக்கவும் இல்லை.

"சின்னதுதான். இப்பன்னா எடுத்துடலாம். அடுத்த மழைன்னா என்னால முடியாது."

எடுத்தது. நன்றாகவே வலித்தது. கொன்றை அழுதது. பிறகு தன் கிளைக்குத் திரும்பி, புண்ணைத் தானே நக்கிக்கொண்டது. யாரும் வந்து பார்க்கவில்லை.

புண் ஆறியது. அடுத்த மழையும் வந்தது. கொன்றை அப்போதும் தனியாகத்தான் நனைந்தது. ஆனால் நனைய உயிரோடு இருந்தது.

வலி இல்லை, கூட வர ஆள் இல்லை என்று மார்பகப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம் என்பதால், தனியாகவாவது போய்ப் பார்த்துவிடுங்கள்.