சூரியப் புயலுக்குக் கதவு திறந்தவள்

முன்னொரு காலத்தில், சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே ஒரு நாடு இருந்தது. அது எப்படி மிதந்தது என்று கேட்காதீர்கள், கேட்டால் கதை ஓடிவிடும்!

சூரியனிலிருந்து கிளம்பும் காற்று ஒன்று அந்த நாட்டு வழியாக எந்நேரமும் வீசும். சாதுவான காற்றுதான். ஆனால் கருவாகன் என்ற மந்திரவாதி அதைக் காந்தக் கயிற்றால் முறுக்கிக் கட்டி, புயலாக்கி ஏவிவிட்டான், பாவி!

புயல் வந்தால் அந்த ஊராருக்குத் தெரிந்தது ஒன்றுதான். மூன்று கோட்டைக் கதவுகளையும் சாத்துவார்கள். முதுகைக் கொடுத்து முட்டி நிற்பார்கள். அன்று முதலாம் கதவைச் சாத்தப் போன இளமாறனைப் புயல் லபக்கென்று விழுங்கிவிட்டது! அவன் தங்கை செங்காந்தி ஓடி வருவதற்குள் கதவு சிவந்தது, உருகியது, ஒழுகியது.

"அண்ணா! உயிரோட இருக்கியா?"

"இருக்கேன் தங்கச்சி! வெந்துட்டு இருக்கேன்!"

இரண்டாம் கதவைச் சாத்தினார்கள். புயல் முட்டியது, நெருங்கியது, இன்னும் கொதித்தது. அந்தக் கதவும் உருகியது.

புயலுக்குள்ளேயிருந்து அண்ணன் கத்தினான்: "கதவுல முட்டும்போதுதான் கொதிக்குது! வழி கிடைச்சு விரிஞ்சா உடனே குளிருது! 'நெருக்கினால் கொதிப்பேன், விரிந்தால் குளிர்வேன்'னு இந்தக் காத்து புலம்பிக்கிட்டே இருக்கு!"

செங்காந்திக்குப் பொறி தட்டியது. மூன்றாம் கதவுக்குப் பறந்தாள். அங்கே ராஜாவே முதுகைக் கொடுத்து நின்றார். கிரீடம் மூக்குவரை இறங்கியிருந்தது.

"மகாராஜா, நகருங்க! கதவைத் திறக்கணும்!"

"உனக்கென்ன பைத்தியமா? ஊரே சாம்பலாகிவிடும்!"

"சாத்தினாத்தான் சாம்பல்! புயலுக்குள்ள என் அண்ணன் இருக்கான்!"

ராஜா வாயைத் திறப்பதற்குள் அவள் தாழ்ப்பாளை இழுத்துவிட்டாள். கதவு படாரென்று திறந்தது!

புயலின் முன்முனை அனலாகப் பாய்ந்து ராஜாவின் மீசையைப் பொசுக்கியது. அவ்வளவுதான்! கோட்டைக்குப் பின்னே பரந்த வெட்டவெளியில் காற்று விரிந்தது, விரிய விரியக் குளிர்ந்தது. காந்தக் கயிறு பட், பட், பட்டென்று அறுந்து, தூரத்தில் நின்ற கருவாகனையே சுற்றி ஆகாயத்துக்கு இழுத்துப் போனது. வானமெங்கும் பச்சையும் சிவப்புமாக ஒளி ஆடியது. ஆகா, அந்த அழகை என்னவென்று சொல்ல!

இளமாறன் தங்கையின் காலடியில் உருண்டு விழுந்தான். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன.

"தங்கச்சி, கம்பளி இருந்தா கொடேன்!"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். ராஜா தம் பட்டுச் சால்வையைக் கழற்றி அவனுக்குத் தாமே போர்த்திவிட்டார். கதவுகளின் சாவியைச் செங்காந்தியிடமே கொடுத்தார்.

கதவுகள் ஏது? இரண்டு உருகிப் போயின. மூன்றாவதை அவள் அப்புறம் சாத்தவே இல்லை.