வெள்ளைக் கிளிப்பை மூடியது யார்?

சேலத்தில் ஒரு எலும்பு மருத்துவமனையில் நடந்த கதை இது. முழுவதும் கேட்ட பிறகுதான் விடை சொல்ல வேண்டும். நடுவிலேயே ஒருவரைப் பிடித்து நிறுத்திவிட்டால், திலகமணி பட்ட பாடுதான் நமக்கும்.

திலகமணியின் மகள் கோபிகாவுக்கு ஒன்பது வயது. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு வளைந்து வளர்ந்திருந்தது. அதை வெட்டி நேராக்கி, தொடை வரை மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். மயக்க மருந்து டாக்டர் மணிமொழி, வலி தெரியாமலிருக்கத் தொடைக்குப் பின்னால் ஓடும் நரம்பை ஒட்டி ஒரு மெல்லிய குழாயைச் செருகியிருந்தார். குழாயின் மறுமுனையில் ஒரு துணிப்பை. அதற்குள் பந்து போன்ற மருந்துக் குடுவை. அதிலிருந்து காலை மரத்துப்போகச் செய்யும் மருந்து மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு வெள்ளைக் கிளிப். அதை அழுத்தினால் மருந்து நின்றுவிடும்.

"ரெண்டு நாளைக்குக் கால் மரத்துத்தான் கிடக்கும், பயப்படாதீங்க" என்று டாக்டர் வராந்தாவில் நின்று திலகமணியிடமும் அவள் அண்ணி என்று கூப்பிடும் நாத்தனார் சரோஜினியிடமும் சொன்னார். அப்போது கோபிகா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

திலகமணிக்கு நிம்மதி. சரோஜினிக்கு இல்லை. "மருந்து ஏறி ஏறி நரம்பே செத்துப்போனா? நாளைக்குப் புள்ள நொண்டினா யாரு பதில் சொல்றது?" என்று அன்று முழுக்க முணுமுணுத்தாள்.

மறுநாள் காலையில் கோபிகா யாரிடமும் பேசவில்லை. வலிக்கிறதா என்றால் இல்லை என்று தலையாட்டினாள். கட்டுக்கு வெளியே தெரிந்த கால்விரல்களையே வெறித்துக்கொண்டிருந்தவள், "அம்மா, இது யாரோட விரல்?" என்றாள். மயக்கம் இன்னும் தெளியவில்லை என்று திலகமணி சிரித்துவிட்டு, இட்லி வாங்கக் கீழே இறங்கினாள். கூட்டத்தில் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அந்த நேரம் கட்டிலருகில் இருந்தவள் சரோஜினி அண்ணி. இடையில் எட்டு மணிக்கு நர்ஸ் ஜெசிந்தா வந்து, படுக்கை விரிப்பை மாற்றி, விரல்களின் நிறத்தைப் பார்த்து எழுதிவிட்டுப் போனாள்.

பதினொரு மணிக்கு மேல் கோபிகாவின் முகம் மாறியது. உதட்டைக் கடித்துக்கொண்டு, அம்மாவின் கையை இழுத்துத் தன் கால்விரல்கள் பக்கம் தள்ளினாள். கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப சுண்டுவிரலைத் தொடுறே. இப்ப கட்டைவிரல்" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். பன்னிரண்டு மணிக்கு வார்டே திரும்பிப் பார்க்கும்படி அலறினாள்.

ஜெசிந்தா ஓடிவந்தாள். குழாயைத் தடவிக்கொண்டே போன அவள் விரல்கள் ஓரிடத்தில் நின்றன. கிளிப் மூடியிருந்தது.

"அது தானா மூடிக்காது. மூடி மூணு மணி நேரத்துக்கு மேல ஆயிருக்கணும்" என்றார் பின்னாலேயே வந்த டாக்டர்.

ஜெசிந்தா அதைத் திறக்கப் போனாள். "வேண்டாம், தொடாதீங்க!" என்று கோபிகா அவள் கையைத் தட்டிவிட்டாள். திலகமணிக்குச் சுருக்கென்றது. இவளைக் கண்டு பிள்ளை ஏன் இப்படி மிரள வேண்டும்? விரிப்பை மாற்றும்போது மூடிவிட்டு மறந்து போனாளோ?

"எட்டு மணிக்குத் திறந்துதான் இருந்துச்சும்மா. 'கிளிப் திறந்திருக்கு, மருந்து போகுது'ன்னு வாய்விட்டுச் சொல்லித்தான் எழுதினேன்" என்றாள் ஜெசிந்தா.

திலகமணியின் கண் துணிப்பை மேல் போனது. நேற்று கட்டில் காலில் கட்டியிருந்த பை இப்போது தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது.

"இதை யாரு இங்க வெச்சது?"

"நான்தான்" என்றாள் அண்ணி. "நர்ஸ் போனதும் புள்ளதான் பக்கத்துல வைக்கச் சொல்லிக் கேட்டா."

"மருந்தே ஆகாதுன்னு நேத்தெல்லாம் சொன்னது நீங்கதானே அண்ணி?"

அண்ணியின் முகம் வெளிறிப்போனது. "என்னையா சொல்றே, திலகம்?"

திலகமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணி படியிறங்கிப் போனாள்.

கேட்டவர்களே, இப்போது சொல்லுங்கள். மருந்தை நம்பாத அண்ணியா? விரிப்பை மாற்றிய ஜெசிந்தாவா? கிளிப்பை மூடியது யார்?

விடை: கோபிகாதான். ஜெசிந்தா வாய்விட்டுச் சொன்னதைக் கேட்டு, பையைப் பக்கத்தில் வைக்கச் சொல்லி, கிளிப்பைத் தானே அழுத்திவிட்டாள். கால் மரத்துப்போகும் என்பதைப் பெரியவர்களுக்கு விளக்கினார்கள். காலுக்குச் சொந்தக்காரிக்கு யாரும் சொல்லவில்லை. டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டபோது விம்மலோடு வந்தது பதில்: "என் காலை எடுத்துட்டு வேற கால் வெச்சுட்டீங்கன்னு நெனச்சேன். வலிச்சப்புறம்தான் என்னோடதுன்னு தெரிஞ்சுது." மருந்து என்ன செய்யும் என்று டாக்டர் அவளுக்கு விளக்கினார். மறுபடி மரத்துப்போகும், போனாலும் அது உன் கால்தான், திறக்கட்டுமா என்று கேட்டார். கோபிகாவே கிளிப்பைத் திறந்தாள். அவள் வலி அடங்கிக் கண்ணயர்ந்ததும் திலகமணி வராந்தாவுக்கு வந்து அண்ணிக்குப் போன் போட்டாள். மூன்று முறை அடித்து ஓய்ந்தது. நான்காவது முறை எடுத்த அண்ணி, திலகமணியை வாய்திறக்க விடவில்லை. "புள்ளைக்கு வலி நின்னுச்சா?" என்றாள்.