போன அணுக்கள்

ஆரிஃபா வளர்த்த படலத்தின் கனம் மூன்றே அணு. வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஜன்னல் இல்லாத கீழ்த்தள ஆய்வகத்தில், நுண்ணோக்கியின் திரையில்தான் அதைப் பார்க்க முடியும்.

டங்ஸ்டனும் செலினியமும் சேர்ந்த குறைகடத்தி அது. தன்னளவில் அதற்குக் காந்தம் கிடையாது. அவள் துளி வனேடியம் கலந்தாள், காந்தம் பிறந்தது. ஒவ்வொரு வனேடியம் அணுவும் ஒரு குட்டிக் காந்தம்; அதன் முனை மேலே பார்த்தால் திரையில் நீலம், கீழே பார்த்தால் சிவப்பு. ஆரிஃபாவின் படலம் முழுக்க நீலமாக இருந்தது.

ஆனால் அங்கங்கே செலினியம் அணுக்கள் விட்டுப்போய், அம்மைத் தழும்பு போலக் கறுப்புக் குழிகள். அவள் கட்டுரையைத் திருப்பி அனுப்பிய ஆய்விதழும் அந்தக் குழிகளைத்தான் குறை சொல்லியிருந்தது.

ஆய்வு வழிகாட்டி மரியதங்கத்திடம் போனாள்.

“மேடம், இந்தக் குழிகளை அடைச்சுட்டா காந்தம் இன்னும் பலமாகும்தானே?”

“அடைச்சுப் பாரேன்.”

“கெட்டுப்போச்சுன்னா? நாலு வருஷத்துல இது ஒண்ணுதான் தேறியிருக்கு.”

“அப்போ அடைக்காதே.”

மனசு கேட்கவில்லை. படலத்தை உலையில் வைத்து செலினியம் ஆவியை உள்ளே விட்டாள். குழிகள் மூடிக்கொண்டன. தேடினாலும் ஒரு தழும்பு இல்லை.

காந்தப் படத்தை எடுத்துப் பார்த்தாள். நீலமும் சிவப்பும் பொடிப்பொடியாகச் சிதறிக் கிடந்தன.

மரியதங்கம் வந்து பார்த்தார். “வனேடியம் போயிருச்சா?”

“இல்ல மேடம். எல்லாம் அங்கேயேதான் இருக்கு. பக்கத்துல நிக்கிறது யாருன்னே தெரியாத மாதிரி, ஒவ்வொண்ணும் ஒரு திசையைப் பார்த்துட்டு நிக்குது. நானே கொன்னுட்டேன்.”

மரியதங்கம் படலத்தை வாங்கி, காற்றில்லாத உலைக்குள் வைத்துத் தானே சூடேற்றினார். அந்தச் சூட்டில் கொஞ்சம் செலினியம் கழன்று போய்விடும். ஆறவிட்டு எடுத்து, மறுபடி நுண்ணோக்கியில் வைத்தார்.

குழிகள் வந்திருந்தன. பழைய இடங்களில் அல்ல. எல்லாம் புது இடங்கள்.

காந்தப் படம் மேலிருந்து வரிவரியாக இறங்கத் தொடங்கியது. முதல் வரி சிவப்பு. அடுத்ததும் சிவப்பு. கடைசி வரிவரை ஒரு பொட்டு நீலம் இல்லை. ஒன்று விடாமல் அத்தனையும் கீழே பார்த்துக்கொண்டிருந்தன.

“பக்கத்துல காந்தம் ஏதாவது வச்சீங்களா மேடம்?”

“இல்லையே.”

ஆரிஃபா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“அப்போ, எல்லாரும் சேர்ந்து கீழே பாருங்கன்னு இதுங்களுக்கு யார் சொன்னது?”

மரியதங்கம் திரையில் ஒரு கறுப்புக் குழியின் மேல் விரலை வைத்தார்.

“இங்கேயிருந்து கிளம்பிப் போனாங்களே, அவங்களைக் கேளு.”