கணக்கில் வராத பல்லக்கு

சாவு வீடுகளுக்குப் பூப்பல்லக்கு கட்டிக் கொடுத்துப் பிழைத்தவர் மூக்காண்டி. அவருடைய வருமான வரிக் கணக்கில் ஒரு பல்லக்குக்குப் பூ வாங்கிய செலவு இருந்தது, அதற்குரிய வரவு இல்லை. வரவை மறைத்தார் என்று அபராதம் போட்டுவிட்டார்கள். மேல்முறையீட்டுக்குப் போனார்.

அதிகாரி சதாசிவம் தலை நிமிரவில்லை.

"செலவை எழுதத் தெரிஞ்ச உமக்கு வரவை எழுதத் தெரியலையோ?"

"கூலி வரலய்யா. வந்தாத்தானே எழுத?"

"கேட்டு வாங்குறதுக்கென்ன?"

"சாவு வீட்டுல கை நீட்டிக் கேக்குற வழக்கம் எங்களுக்கு இல்லய்யா. காரியம் முடிஞ்சு அவங்களாக் குடுக்கணும்."

"கதை விடாதேயும். கூலி கொடுக்கலைன்னு அந்த வீட்டுக்காரர் கைப்பட எழுதிச் சாயங்காலத்துக்குள்ள கொண்டுவாரும். அபராதத்தை ரத்து பண்ணுதேன்."

அப்படி எழுதித் தர எவனும் சம்மதிக்க மாட்டான் என்று சதாசிவத்துக்குத் தெரியும்.

மூக்காண்டி மேசைமேல் கிடந்த வெள்ளைத்தாளை எடுத்து அதிகாரியின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"சாயங்காலம் வரைக்கும் எதுக்குய்யா? அது உங்க அப்பா போன பல்லக்கு."

அப்போதுதான் சதாசிவம் அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தார். தாளை இழுத்து வைத்துப் பேனாவைத் திறந்தார்.

எழுதியதை வாங்கிக்கொண்ட மூக்காண்டி, சாவு வீட்டிலிருந்து கிளம்புகிற முறைப்படியே, போய் வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து போனார்.